கியோத்தோ போகாத மூக்கு

பொறாமை கூடாது என்று உபதேசம் செய்கிறவர்களைப் பார்த்தால், பெரும்பாலும் வேண்டியதெல்லாம் கிடைத்தவர்களாக இருப்பார்கள். நித்தியானந்தனுக்கு அப்படி ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. ஆகவே அவர் தாராளமாகப் பொறாமைப்பட்டார். 1987ஆம் ஆண்டு கார்த்திகையில் தொடங்கி அடுத்த பங்குனி வரைக்கும், காலையில் பல் தீட்டும்போது ஆரம்பித்தாரென்றால் படுக்கப் போகும்வரை அதே வேலைதான். ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை.

அவர் பார்த்து வயிறெரிந்த ஆளின் பெயர் யோகராஜா. இருவரும் சுவிசில், ஷாஃப்ஹவுசன் என்ற ஊரில், பழைய நகரத்துக்குள், ஃபிராவ் கெல்லர் என்ற அம்மாளின் கோப்பிக் கடையில் வேலை செய்தார்கள். முன்பக்கம் பத்து மேசை போட்ட கடை. பின்பக்கம் கோப்பிக்கொட்டை வறுக்கும் அறை. யோகராஜா முன்பக்கம், நித்தியானந்தன் பின்பக்கம். நடுவில் ஒரு கதவு. கதை முழுவதும் அந்தக் கதவைப் பற்றியதுதான் என்று சொன்னாலும் பிழையில்லை.

நித்தியானந்தனுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. சுன்னாகத்தில் கோப்பியும் மிளகாயும் அரைக்கும் ஆலையில் எட்டு வருடம் வேலை செய்தவர். எண்பத்து மூன்றில் சுவிசுக்கு வந்து, டாவோஸில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவி, கை தோலுரிந்து, பிறகு இந்தக் கடைக்கு வந்தார். இங்கேயும் முதலில் கோப்பை கழுவத்தான் எடுத்தார்கள். ஒரு நாள் புதிதாக இறங்கிய கோப்பி மூட்டைகளைத் தாண்டிப் போனவர் நின்று, மூன்றாவது மூட்டை ஈரம் பட்டது என்றார். பிரித்துப் பார்த்தால் அடியில் பூஞ்சணம். ஃபிராவ் கெல்லர் அந்த வாரமே அவரை வறுக்கும் அறைக்கு மாற்றினார். வறுக்கும் உருளை சுற்றும்போது கொட்டை வெடிக்கும் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார், மூக்கை ஒரு தரம் சுளிப்பார், சரியான நொடியில் திறந்து கொட்டுவார். மணிக்கூடு பார்ப்பதில்லை. ஊரில் கோப்பிக்குப் பெயர்போன கடை அது. அந்தப் பெயருக்குப் பின்னால் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பது ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. சிறிய ஆசைதான். தான் வறுத்த கோப்பியை ஒருவர் குடிக்கிறபோது அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். மூன்று வருடத்தில் ஒரு முகம்கூடப் பார்த்ததில்லை. அந்தக் கதவுக்கு அப்பால் போவதற்கு நல்ல ஜெர்மன் வேண்டும், சிரித்த முகம் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. எல்லாம் யோகராஜாவிடம் இருந்தன.

இந்த யோகராஜாவைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்த்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை. எண்பத்தாறில் வேலையில்லாமல் புகையிரத நிலையத்தில் நின்ற, தன் ஊருக்குப் பக்கத்துக் கோண்டாவில் பெடியனைக் கண்டு, பாவம் பார்த்து, என் தம்பி மாதிரி என்று ஃபிராவ் கெல்லரிடம் கூட்டிப்போனார். தம்பி ஆறு மாதத்தில் ஜெர்மன் பேசினான். எட்டாவது மாதம் கிழவிகள் அவனைப் பெயர் சொல்லிக் கேட்டு வந்தார்கள். ஒரு வருடத்தில் அவனுடைய அகதி விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, நீல நிறப் பயணப் புத்தகமும் கொடுத்துவிட்டார்கள். நித்தியானந்தனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, அப்பீலில் கிடந்து மூன்று வருடம். அவருடைய மனைவி மனோகரி சுன்னாகத்தில் இருந்தாள். யோகராஜாவின் மனைவி சிவமலர் விசா எடுத்து வரத் தயாராகிக்கொண்டிருந்தாள்.

இத்தனையையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார். யப்பான் வந்து கெடுத்தது.

கடைக்குத் தினமும் வரும் ஒரு யப்பானியர் இருந்தார். மொரிசாக்கி என்று பெயர், மணிக்கூடு செய்யும் தொழிலில் பொறியியலாளர். வேலைக்காலம் முடிந்து நாடு திரும்பும்போது ஃபிராவ் கெல்லரை அழைத்தார். தன் அண்ணன் கியோத்தோ என்ற பழைய நகரத்தில் முப்பது வருடமாகக் கோப்பிக் கடை நடத்துகிறார், கோப்பியை வணங்குகிற ஊர் அது, ஒரு தடவை வந்து பாருங்கள், வேலையாள் ஒருவரையும் கூட்டிவாருங்கள் என்றார். ஃபிராவ் கெல்லர் யோகராஜாவைக் கூட்டிப்போனார். நித்தியானந்தனிடம் கேட்கக்கூட இல்லை. கேட்டிருந்தாலும் அவருடைய கடதாசியை வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்ட முடியாது, உண்மை. ஆனால் கேட்டிருக்கலாம். ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம்.

கேட்காமல் ஒன்று செய்தார். அன்பளிப்பாகக் கொண்டுபோக இரண்டு கிலோ வறுத்துத் தரச் சொன்னார். நித்தியானந்தனும் வறுத்துக் கொடுத்தார். தன் கோப்பி விமானத்தில் போக, தான் அறையில் இருக்க, தவிட்டு நிறச் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு பதினாலு நாள் இருந்தார்.

யோகராஜா திரும்பி வந்தான். வந்தவன் வாயை மூடினானா? இல்லை. தினமும் மத்தியானம் பின்னறைக்கு வந்து, மூட்டை மேல் ஏறி இருந்துகொண்டு கியோத்தோ கதை. அந்த ஊரில் கோவில்களுக்குப் பக்கத்துத் தெருக்களில், விளக்கு மங்கலாக எரியும் சின்னச் சின்னக் கோப்பிக் கடைகளாம். கதவைத் திறந்தால் மரவாசனையாம். சில கடைகளில் இசைத்தட்டு மட்டும் பாடுமாம், ஆட்கள் கதைக்கக் கூடாதாம். கிமோனோ கட்டிய அம்மாக்கள் தடித்த பாண் துண்டை வெண்ணெயோடு வாட்டிக் கோப்பியோடு சாப்பிடுவார்களாம். பெரிய மொரிசாக்கியின் கடை ஆற்றங்கரையில், பன்னிரண்டே பேர் இருக்கலாமாம். கிழவர் வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் கட்டி நிற்பாராம். வருகிறவரின் முகத்தைப் பார்த்து, அவருக்கு எந்தக் கோப்பை பொருந்தும் என்று சுவரில் இருக்கும் நூறு கோப்பையில் ஒன்றை எடுப்பாராம்.

நித்தியானந்தன் உருளையைப் பார்த்தபடி கேட்பார். ஒரு வார்த்தை தப்பவிடமாட்டார். அன்பாகக் கேட்கிறவனுக்குப் பாதி மறந்துபோகும், வயிறெரிந்து கேட்கிறவனுக்கு ஒன்றும் மறக்காது. கொட்டையைக் கிழவர் வறுக்குமுன் ஒரு தரமும் வறுத்தபின் ஒரு தரமும் கையால் பொறுக்கி, உடைந்ததை வீசுவாராம். இவருக்கு உடனே வாய் துடித்தது: எத்தனைக்கு எத்தனை வீசினார்? வறுவல் என்ன நிறம்? கொட்டையில் எண்ணெய் மினுங்கியதா? கேட்டால் யோகராஜா, அதெல்லாம் கவனிக்கேல்லை அண்ணை, நல்ல வாசம் என்பான். நல்ல வாசமாம்! அவனுக்கு மூக்கே கிடையாது. பால் திரைந்ததைக்கூட ஊற்றிக் கட்டியாய் விழுந்த பிறகுதான் கண்டுபிடிப்பான். கியோத்தோ அவனுக்கு நாய் பெற்ற தெங்கம்பழம். உருட்டிக்கொண்டு திரிகிறான், உடைக்கத் தெரியவில்லை என்று நித்தியானந்தன் உள்ளுக்குள் திட்டினார்.

எல்லாவற்றிலும் மேலாக அவரைப் பிடித்துக்கொண்டது கோப்பி வடிக்கும் முறை. கிழவரிடம் இயந்திரம் இல்லை. பிளனல் துணியில் பை தைத்து, கம்பி வளையத்தில் மாட்டி, அதில் தூளைப் போட்டு, நீள மூக்குள்ள கேத்தலால் நூல் மாதிரித் தண்ணீர் விடுவாராம். நடுவில் ஒரு காசளவு இடத்தில் மட்டும். தூள் ஊதி எழும்பும், பிறகு பொறுக்கவேண்டும், பிறகு சுற்றிச் சுற்றி. ஒரு கோப்பைக்கு ஐந்து நிமிடம். அந்தத் துணியை ஒருபோதும் சவுக்காரத்தில் கழுவக் கூடாது, காயவும் விடக் கூடாது. புதுத் துணியைக் கோப்பித்தூளோடு கொதிக்க வைத்துப் பழக்கி, பிறகு வேலை முடிந்ததும் தண்ணீரில் அலசி, சுத்தமான தண்ணீருக்குள்ளேயே குளிர்பெட்டியில் வைக்கவேண்டும். காய்ந்தால் அந்தத் துணி செத்துப்போச்சு என்பாராம் கிழவர். யோகராஜாவுக்கு அப்படி ஒரு துணி கொடுத்து அனுப்பியிருந்தார்.

நித்தியானந்தன் ஒரு காரியம் செய்தார், வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும். பூச்சாடிக்குத் தண்ணீர் விடும் நீள மூக்குக் கேத்தல் ஒன்று வாங்கி, வேலை முடிந்ததும் தன் அறையில், பழைய சாரத்துண்டில் தைத்த பையில், கோப்பித்தூளுக்கு மேல் நூல் பிடித்துப் பழகினார். போகாத ஊருக்கு வழி கேட்டவர், வழியிலேயே குடியிருக்கத் தொடங்கிவிட்டார்.

தை மாதம் சிவமலர் வந்து சேர்ந்தாள். மாசியில் ஃபிராவ் கெல்லர் தன் திட்டத்தைச் சொன்னார். யன்னலோரத்தில் ஆறு பேர் இருக்கும்படி ஒரு மரமேசை போட்டு, சனிக்கிழமைகளில் கியோத்தோ முறையில் கோப்பி. பங்குனியில் ஒரு சனிக்கிழமை இருபது பேரை அழைத்துத் தொடக்க விழா, உள்ளூர்ப் பத்திரிகைக்காரரும் வருவார். அந்த மேசைக்குப் பின்னால் யோகராஜா நிற்பான். நித்தியானந்தன் இருந்த துணிச்சலையெல்லாம் திரட்டி, நானும் நிற்கலாமா என்று அன்றைக்குக் கேட்டுவிட்டார். ஃபிராவ் கெல்லர் கெட்டவர் இல்லை. தோளைத் தட்டி, ஹெர் நித்தி, நீங்கள் அதைப் பார்த்ததில்லையே என்றார். சொன்னது நியாயம். நியாயமாக இருந்தபடியால் இன்னும் கூட எரிந்தது.

விழாவுக்கான கொட்டையைப் புதன்கிழமை வறுத்தார். எரிச்சலில் ஏனோதானோ என்று வறுத்திருப்பார் என்று நினைக்காதீர்கள். அந்தக் குணம் அவரிடம் இல்லை. வறுக்குமுன் ஒரு தரம், வறுத்தபின் ஒரு தரம் உட்கார்ந்து பொறுக்கினார். அவருடைய வாழ்நாளில் அதைவிட நல்ல வறுவல் விழுந்ததில்லை.

வியாழக்கிழமை யோகராஜா வீட்டில் சாப்பாடு. சிவமலர் வந்ததிலிருந்து, தனியாக இருக்கிற மனுசன் என்று வியாழன்தோறும் கூப்பிடுவாள். அன்றைக்கு யோகராஜா இன்னும் வேலையால் வரவில்லை. நித்தியானந்தன் சப்பாத்தைக் கழற்றி உள்ளே காலடி வைத்ததும் மூக்கு சொல்லிவிட்டது. கறி வாசத்துக்குள்ளே லவண்டர் போட்ட சலவைத்தூள். ஹீற்றரில், இரண்டு சோடி காலுறைக்குப் பக்கத்தில், அந்தத் துணிப்பை மொறுமொறு என்று காய்ந்துகொண்டிருந்தது.

வடிதுணியைத் தண்ணீரில் ஊறவிட்டு வைக்கிற குசினிக்கு எங்கள் ஆட்களிடம் நல்ல பெயர் கிடையாது. சிவமலர் நல்ல குசினியில் வளர்ந்தவள். யோகராஜா துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து பழகுவான், போத்தலில் தண்ணீர்விட்டு அதற்குள் போட்டு வைப்பான். எதற்கு என்று அவளுக்குச் சொல்ல, வாயுள்ள அந்தப் பிள்ளைக்கு வாய் வரவில்லை.

"பாருங்கோ அண்ணை, எவ்வளவு ஊத்தை. இதோடை போய் வெள்ளைக்காரருக்கு முன்னாலை நிக்கலாமோ? நல்லாத் தேய்ச்சுக் கழுவிக் காயப்போட்டனான். அவர் வரமுதல் திரும்பப் போத்தலுக்கை போட்டு விடுவன்" என்றாள். பிறகு, யப்பானுக்குப் போகாவிட்டாலும் கோப்பி தெரிந்த மனுசன் ஆயிற்றே என்று ஒரு வார்த்தை கேட்டாள். "நல்லதுதானே அண்ணை?"

துணி செத்துப்போச்சு என்று சொல்ல ஒரு நொடி போதும். கடைக்கு இன்னொரு துணி தைத்துப் பழக்க வெள்ளிக்கிழமை முழுவதும் இருந்தது. நித்தியானந்தனின் வாய் திறந்தது. திறந்த வாய்க்குள்ளே ஐந்து மாதத்துக் கியோத்தோவும், நீலப் புத்தகமும், இந்த வீட்டு அடுப்பில் கொதிக்கிற குழம்பும் வந்து நின்றுகொண்டன.

"ஓம்" என்றார்.

அவ்வளவுதான். சிவமலர் துணியைப் போத்தலில் போட்டு, தண்ணீர் நிரப்பி வைத்தாள். யோகராஜா வந்தான், சாப்பிட்டான், சனிக்கிழமையைப் பற்றியே கதைத்தான். நித்தியானந்தன் இரண்டாம் தரமும் சோறு போடச்சொல்லிச் சாப்பிட்டார். வெள்ளிக்கிழமை முழுவதும் தனக்குத் தானே வழக்காடினார். நான் கழுவவில்லை. நான் கழுவச் சொல்லவும் இல்லை. துணியை முகர்ந்து பார்க்கத் தெரியாதவன் கியோத்தோவுக்கு ஏன் போனான்? வழக்கில் அவரே அப்புக்காத்து, அவரே நீதவான், தீர்ப்பு சாதகமாகத்தான் வந்தது. ஆனால் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

சனிக்கிழமை இரண்டு மணிக்குக் கடை நிறைந்துவிட்டது. பத்திரிகைக்காரர் கழுத்தில் கமராவோடு முன்னால் இருந்தார். சிவமலர் நீலச் சேலை கட்டி மூலையில் இருந்தாள். யோகராஜா வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியும் போட்டு, கியோத்தோவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னான், ஆட்கள் சிரித்தார்கள். நித்தியானந்தன் கதவை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்துவைத்துப் பார்த்தார். யோகராஜா துணியைச் சுடுநீரில் அலசிப் பிழிந்து வளையத்தில் மாட்டினான். அவனுக்கு ஒன்றும் மணக்கவில்லை. இவருக்கு எட்டு மீற்றர் தூரத்தில் லவண்டர் மணந்தது.

முதல் கோப்பை ஃபிராவ் கெல்லருக்கு. அவர் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு, விருந்தாளிகளுக்கு ஒரு சிரிப்பைக் காட்டிவிட்டு, கோப்பையோடு எழுந்து நேரே கதவைத் தள்ளிக்கொண்டு பின்னறைக்கு வந்தார். பின்னால் யோகராஜா, பால் மாதிரி வெளுத்த முகத்தோடு.

ஃபிராவ் கெல்லர் கோப்பையை மேசையில் வைத்து, ஹெர் நித்தி, வறுவலில் என்ன நடந்தது என்று கேட்டார்.

இதை அவர் எதிர்பார்க்கவே இல்லை. குழி வெட்டியவர், குழிக்குப் பக்கத்தில் தன் சொந்தக் கோப்பியை நிறுத்தி வைத்திருந்ததை மறந்துபோனார். கோப்பி பிழைத்தால் மற்றவர்கள் யாரைக் கேட்பார்கள்? வறுத்தவனைத்தானே கேட்பார்கள். வாழ்நாளின் ஆகச் சிறந்த வறுவல், சலவைத்தூளில் முக்கி எடுக்கப்பட்டு, அவர் பெயரைக் கெடுக்க முன்னால் நின்றது. கோபம் உச்சிக்கு ஏறியது. துணியைப் பாருங்கள் என்று சொல்லப் போனார். அப்போதுதான் முகர்ந்து கண்டுபிடித்ததுபோல ஒரு முகத்தையும் ஆயத்தப்படுத்திக்கொண்டார்.

யோகராஜா முந்திவிட்டான். வறுவலில் பிழை இருக்கவே முடியாது, என் கைதான் பிழைத்தது, கால் மணித்தியாலம் தாருங்கள் என்று ஃபிராவ் கெல்லரிடம் ஜெர்மனில் சொன்னான். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆட்களுக்கு அப்பிள் கேக் கொடுக்கப் போனார். கதவு சாத்திக்கொண்டது.

"உங்கடை வறுவலிலை பிழையில்லை அண்ணை. அது எனக்கு யப்பானிலையே தெரியும்" என்றான் யோகராஜா. பிறகு, அந்த ஐந்து மாதக் கதையில் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னான். கடைசி நாள் ஃபிராவ் கெல்லர் காய்ச்சலில் விடுதியில் படுத்திருக்க, அவன் தம்பி மொரிசாக்கியோடு தனியாகக் கிழவரின் கடைக்குப் போனான். கிழவர் அன்றைக்குத்தான் அன்பளிப்புப் பையைப் பிரித்து, வடித்துக் குடித்தார்.

"பதினாலு நாள் அவருக்கு முன்னாலை நிண்டனான். என்ரை பேரைக்கூட அவர் கேட்கேல்லை. உங்கடை கோப்பியை ஒருக்கால் குடிச்சிட்டு, இதை வறுத்தவர் ஏன் வரேல்லை எண்டு மூண்டு தரம் கேட்டவர். எனக்கு எரிஞ்சுது அண்ணை. ஒரு துணி எனக்குத் தந்தவர். மற்றது உங்களுக்குத் தந்தவர்."

கொக்கியில் தொங்கிய தன் கோட்டின் உள்பையிலிருந்து ஒரு மெல்லிய பொட்டலத்தை எடுத்தான். நீலத்தாள், மூலைகள் எல்லாம் தேய்ந்து வெளுத்துப்போயிருந்தன. இன்றைக்குக் கொடுப்போம், நாளைக்குக் கொடுப்போம் என்று தினமும் கொண்டுவந்து, தினமும் திரும்பக் கொண்டுபோன தேய்மானம் அது.

நித்தியானந்தன் அதைக் கையில் வாங்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவு நாளும் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவனும் இதே நெருப்பிலா இருந்தான்? அதுவும் தன்னைப் பார்த்தா?

"யோகன், உன்ரை கையிலையும் பிழையில்லை" என்றார். "துணி செத்துப்போச்சு. சலவைத்தூள் போட்டுக் கழுவிக் காயப்போட்டது. வியாழக்கிழமையே எனக்குத் தெரியும். தங்கச்சியை ஒண்டும் சொல்லிப்போடாதை. அவ நல்லதோ எண்டு என்னட்டைக் கேட்டவ. நான் ஓம் எண்டனான்."

யோகராஜா அவரைப் பார்த்தான். அடித்துவிடுவான் போலத்தான் இருந்தது. அடித்திருந்தால் நித்தியானந்தன் வாங்கியிருப்பார். வெளியில் கேக்குக் கரண்டிகள் சத்தமிட்டன. அவன் இரண்டு மூச்சு விட்டான். மூன்றாவது மூச்சில் பொட்டலத்தை மேசையில் வைத்தான்.

"தண்ணியைக் கொதிக்க வையுங்கோ" என்றான்.

புதுத் துணியைத் தூளோடு போட்டுக் கொதிக்க வைத்தார்கள். எவ்வளவு நேரம் என்பது போனவனுக்கு மறந்துபோயிருந்தது. போகாதவருக்கு நினைவிருந்தது. அலசிப் பிழிந்து வளையத்தில் மாட்டினார்கள். யோகராஜா கழுத்துப்பட்டியைக் கழற்றி அவரிடம் நீட்டி, உங்களுக்குத் தந்த துணி, நீங்களே ஊற்றுங்கோ என்றான். அதில் பெருந்தன்மை இருந்ததா என்று கேட்டால், கொஞ்சம் இருந்தது. கிழவர் மெச்சிய ஆள் எப்படிச் சொதப்புகிறார் பார்ப்போம் என்பதும் கொஞ்சம் இருந்தது. நித்தியானந்தனுக்கு இரண்டும் விளங்கியது.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். இருபது முகம். மேசைக்குப் பின்னால் நின்று, தூளைப் போட்டு, கேத்தலைச் சரித்தார். நூல் விழுந்தது. நடுவில் காசளவு இடத்தில் மட்டும். தூள் ஊதி எழும்பியது, அவர் பொறுத்தார், பிறகு மெதுவாகச் சுற்றினார். அறையில் பூச்சாடிக் கேத்தலோடு கழிந்த பொழுதெல்லாம் அந்தக் கையில் இருந்தது. யோகராஜாவின் கண் அந்த நூலை விட்டு அசையவில்லை. அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று நித்தியானந்தன் நிமிர்ந்து பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. அது அவருடைய சொந்தப் பார்வைதான்.

கோப்பையை ஃபிராவ் கெல்லர் வாங்கிக் குடித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது சரி என்று தலையை ஆட்டினார். பிறகு பத்திரிகைக்காரர், பிறகு ஒரு கிழவி, பிறகு சிவமலர். கிழவி குடித்துவிட்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்தபடி இருந்தார். நித்தியானந்தன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மூன்று வருடம் காத்திருந்தது இதற்குத்தான். போதும் போதும் என்ற அளவுக்குப் பார்த்தார்.

பத்திரிகைக்காரர் இரண்டு படம் எடுத்துவிட்டு, கியோத்தோவில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்று அவரிடம் கேட்டார். கடையே அவரைப் பார்த்தது. பதினாலு என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. யோகராஜாகூட மறுத்திருக்கமாட்டான். வியாழக்கிழமை ஒரு சொல் சொன்ன வாய்தான் அது.

தனக்குத் தெரிந்த ஜெர்மனில் மெதுவாகச் சொன்னார். "நான் போகவில்லை. போனது இவர். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

அதன் பிறகு சனிக்கிழமைகளைப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு கிழமை யோகராஜா, ஒரு கிழமை நித்தியானந்தன். சிவமலருக்குத் துணியின் கதையை யாரும் சொல்லவில்லை. அவள் போத்தலைத் தொடக் கூடாது என்று மட்டும் வீட்டில் சட்டம் வந்தது. வியாழக்கிழமைச் சாப்பாடு மூன்று கிழமைக்கு நின்றிருந்தது. பிறகு யோகராஜாவே வந்து, அவ கேட்கிறா, ஏன் வாறேல்லை எண்டு, வாங்கோ அண்ணை என்றான். போனார்.

இனிப் பத்திரிகை. விழாவுக்கு அடுத்த புதன்கிழமை மூன்றாம் பக்கத்தில் வந்தது. நல்ல பெரிய படம். நித்தியானந்தன் கழுத்துப்பட்டியோடு, தலையைச் சற்றே சரித்து, நூல் பிடித்து ஊற்றிக்கொண்டிருக்கிறார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு லட்சணமாக ஒரு படத்திலும் விழுந்ததில்லை. அதன் கீழே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: கியோத்தோவிலிருந்து திரும்பிய திரு. யோகராஜா.

வெள்ளைக்காரர் கண்ணுக்கு நாங்கள் எல்லோரும் ஒன்றுதானே. யோகராஜா பத்திரிகையைக் கொண்டுவந்து மூட்டை மேல் இருந்து, படம் உங்கடை, பேர் என்ரை, ஊருக்கு ஆர் அனுப்புறது என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே சிரித்தான். ஆனால் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நித்தியானந்தன் அதை வாங்கி, உருளைக்குப் பக்கத்து வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். ஐந்து மாதம், நான் யோகராஜாவாக இருந்திருக்கக் கூடாதா என்று ஏங்கிய மனுசன். பத்திரிகைக்காரர் ஒரு ஃபிராங்கும் வாங்காமல் அதைச் செய்து கொடுத்துவிட்டார். அந்தப் பெயரைத் தன் முகத்துக்குக் கீழே பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறெரிந்தது. ஒரு பேனையை எடுத்து, அந்தப் பெயரை வெட்டி, மேலே தமிழில் தன் பெயரை எழுதி, மனோகரிக்கு அனுப்பினார்.